பாலக்காடு: கச்சேரி மேடையும் மிருதங்கப் பட்டறையும்

ஞாயிறு இரவு, கல்பாத்தி

நேரில் கச்சேரி கேட்கவும் வாத்தியக் கடைகளில் ஏறி இறங்கவும் பொள்ளாச்சிக்காரர்கள் சென்னை வரை போக வேண்டியதில்லை. கேரள எல்லையில் கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் போதும். ஐப்பசி கடைசியில் பாலக்காட்டில் கல்பாத்தித் தேர். அதற்கு முந்தைய நாட்களில் அக்ரகாரத்திலேயே சங்கீத உற்சவம். இந்த முறை எனக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. என் மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலது முகத்தில், கரணை என்ற கருப்பு வட்டம் உதிர ஆரம்பித்துவிட்டது, வாத்தியம் கட்டும் ஊரான பெருவெம்பில் கொடுத்துப் புது மூட்டு (முகத்தின் தோல் முழுவதும்) போட வேண்டும். அக்கா மகன் கூட வந்திருக்கிறான். கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறான், கிட்டார் வாசிக்கிறான். கர்நாடகக் கச்சேரியில் முழுதாக உட்கார்ந்ததில்லை. "மாமா, கிட்டார் கடையும் பார்க்கணும்" என்று ஒரு நிபந்தனையோடு வண்டி ஏறினான்.

பஸ்ஸில்தான் வந்தோம். எல்லை தாண்டியும் கொழிஞ்சாம்பாறை வரை காதில் விழுவதெல்லாம் தமிழ்தான். சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் முழுக்கத் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. பள்ளிகளில் தமிழ் வழி வகுப்புகளும் உண்டு. பனையும் தென்னையும் மாறி மாறி வரும் அந்தச் சாலையில் எலப்புள்ளி வந்ததும் மருமகனைத் தட்டி எழுப்பினேன். எம்.எஸ்.விஸ்வநாதன் 1928இல் பிறந்த ஊர் அது. பி.லீலா பிறந்தது இங்கிருந்து பக்கத்தில் சித்தூரில். ஸ்வர்ணலதாவும் சித்தூர்ப் பக்கம்தான். நம் வீட்டு ரேடியோவில் பாதி இந்த ஒரு பக்கத்திலிருந்து வந்திருக்கிறது என்றேன். அவன் ஸ்வர்ணலதா பெயரைக் கேட்டதும்தான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான்.

எலப்புள்ளி பக்கத்திலேயே ராமசேரி. இறங்கி இட்லி சாப்பிட்டோம். மண்பானை வாயில் நூல் வலை கட்டி, அதன் மேல் துணி விரித்து வேக வைக்கும் தட்டையான இட்லி, தொட்டுக்கொள்ள இட்லிப் பொடி. காஞ்சிபுரத்திலிருந்து வந்த முதலியார் குடும்பங்கள் தலைமுறையாகச் செய்கிறார்கள். சூடாக இருக்கும்போது சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் சொல்வேன்.

கல்பாத்திக்கு வந்து சேர்ந்தபோது நாலு மணி. ஆற்றங்கரையில் விசுவநாதசுவாமி கோயில். காசியிலிருந்து லட்சுமி அம்மாள் என்பவர் கொண்டுவந்த லிங்கம் என்பது ஊர் வழக்கு. 1425 வாக்கில் கட்டியது என்கிறார்கள். 'காசியில் பாதி கல்பாத்தி' என்ற சொலவடையும் அதனால்தான். கோயிலுக்கு முன்னால் நீளும் தெருவில் இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டித் திண்ணை வைத்த வீடுகள். தஞ்சாவூர்ப் பக்கமிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள் பேசும் தமிழில் மலையாளம் கலந்திருக்கும். வீட்டு வாசலில் நின்ற மாமி ஒருவர், என் தோளில் இருந்த மிருதங்கப் பையைப் பார்த்துவிட்டு, "எங்கேந்து வரேள்? கச்சேரிக்கா, வாசிக்கவா?" என்று கேட்டார். கேட்கத்தான் என்றேன். "அப்போ முன்னாடியே போய் இடம் பிடிச்சுக்கோங்கோ" என்றார்.

அவர் சொன்னது நல்ல யோசனை. ஆறு மணிக்குள் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. பாடியவர் பெண், ஐந்து கட்டை சுருதி. வர்ணம் முடிந்து இரண்டு கீர்த்தனைகளுக்குப் பிறகு கரகரப்பிரியா ஆலாபனை. வயலின்காரர் அதை வாங்கி, மேல் ஸ்தாயியில் போய் அவசரப்படாமல் நின்றார். பிரதான கீர்த்தனை ஆதி தாளம், இரண்டு களை. நான் கவனித்ததெல்லாம் மிருதங்கக்காரரின் இடது கையை. பல்லவியின் முதல் சங்கதிகளில் (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும்போது) அவர் வலது பக்கம் வெறும் மீட்டு என்ற அடியும், தொப்பி என்ற இடது முகத்தில் கும்கி என்ற மெல்லிய குழையும் ஒலியும்தான். சங்கதி கூடக் கூட சொல் கூடியது. பாடகி அனுபல்லவியில் மேலே நிறுத்தியபோது அவர் கையை எடுத்துவிட்டார். ஒரு முழு ஆவர்த்தனம், அதாவது ஒரு தாளச் சுற்று, சும்மா இருந்தார். அந்த இடைவெளியில் பாட்டு எவ்வளவு பெரிதாகக் கேட்டது!

இந்த வழியைப் பாலக்காட்டுக்காரர்கள் மணி ஐயரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். பாலக்காடு மணி ஐயர் (1912–1981) முதலில் கற்றது இதே அக்ரகாரத்தை ஒட்டிய சாத்தபுரத்தின் சுப்பையரிடம், பிறகு தஞ்சாவூர் வைத்தியநாதய்யரிடம். மிருதங்க வித்வான்களில் முதன்முதலாகச் சங்கீத கலாநிதி விருது பெற்றவர் அவர், 1966இல். அவருக்கு முன்பும் பெரிய மிருதங்கக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் பாட்டின் ஒவ்வொரு சங்கதிக்கும் பக்கத்திலேயே நடந்துபோகும் வாசிப்பு என்றால் அவர் பெயரைத்தான் சொல்வோம். ஒலிபெருக்கி வைத்து வாசிப்பதை அவர் எதிர்த்தவர். மிருதங்கத்தின் நாதம் மைக்கில் பாதி செத்துப்போகிறது என்று நினைத்திருக்க வேண்டும். வலந்தலையில் 'சாப்பு' என்ற நீண்டு ஒலிக்கும் அடியைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவையாவது கேட்டவர்களுக்கு அந்தப் பிடிவாதம் புரியும்.

பாட்டு நின்று தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் இருபது நிமிடம் போயிருக்கும். கடம் கூட இருந்தது. குறைப்பு முடிந்து, மோரா, பிறகு மூன்று தடவை வந்து முடியும் கோர்வை. கடைசிச் சுற்றில் கூட்டமே கையில் தாளம் போட்டது. மருமகன் வேறு வழியில்லாமல் என் கையைப் பார்த்துப் போட்டான், கோர்வை முடிந்து பல்லவி எடுக்கும் இடத்தில் சரியாகத் தட்டினான். தூங்கப் போகும்போது அவன் கேட்டது: "கடைசியில மூணு தடவை வந்ததே, அது எப்படி சரியா அங்க போய் விழுது மாமா?" அதற்குப் பதில் கணக்கு. நாளைக்குப் பஸ்ஸில் சொல்கிறேன் என்றேன்.

திங்கள் இரவு

காலையிலேயே பெருவெம்பு. பாலக்காட்டிலிருந்து தெற்கே, வயல்களுக்கு நடுவில் இருக்கும் சாதாரணக் கிராமம். கேரளத்தின் செண்டை, மத்தளம், திமிலை, இடக்கை எல்லாம் நிறைய இங்கேதான் கட்டப்படுகின்றன. நம் மிருதங்கமும் தபலாவும் கூட. கடச்சிக்கொல்லர் என்ற சமூகத்தின் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் தொழில். 'பாலக்காட்டு மத்தளம்' புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. அதற்குப் பின்னால் இருப்பது இந்த ஊர்க் கைகள்தான்.

பட்டறை என்று தனியாக ஒன்றும் இல்லை. வீடு, வீட்டுக்கு முன்னால் ஓட்டுச் சாய்ப்பு, அதில் பாய் விரித்து உட்கார்ந்து வேலை. முற்றத்தில் மூங்கில் குச்சி அடித்துத் தோல் காயப் போட்டிருந்தார்கள். சுவரில் சாய்த்து வைத்த பலாக்கட்டைகள், சிலது பண்ருட்டியிலிருந்து வந்தவை என்றார். வாசனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பச்சைத் தோலின் வாடை முதல் பத்து நிமிடம் தாங்காது. மருமகன் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டான். அப்புறம் அவனே எடுத்துவிட்டான்.

எங்களுக்கு வேலை செய்துகொடுத்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தமிழ் நன்றாகப் பேசினார். பாதிக்கு மேல் வாடிக்கை தமிழ்நாட்டுக்காரர்களாம். என் மிருதங்கத்தைப் பையிலிருந்து எடுத்ததும், வலந்தலையை விரலால் ஒரு தட்டுத் தட்டி, "கரணை போச்சு. சாப்புத் தோலும் களைச்சுப் போச்சு சார். கட்டை நல்லா இருக்கு. மாத்திக்கலாம்" என்றார். சரிங்க சேட்டா, நீங்க சொல்றபடி செய்யுங்க என்றேன். எருமைத்தோல் வாரை அவிழ்த்துவிட்டு உள்ளே கட்டையைப் பார்க்கக் கொடுத்தார். வருஷக்கணக்காகத் தினமும் மடியில் வைத்து வாசிக்கும் வாத்தியத்தின் உள்ளே நான் பார்த்ததேயில்லை. உளி போன தடம் வரி வரியாக இருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வலந்தலை ஒரே தோல் இல்லை. வெளியே வளையமாகத் தெரிவது மாட்டுத்தோல், அதுதான் மீட்டு விழும் இடம். அதற்கு உள்ளே ஆட்டுத்தோல், அதன் மேல்தான் கருப்பு வட்டம். உட்பக்கத்தில் இன்னொரு மாட்டுத்தோல் வளையம். இவற்றைச் சேர்த்து வாரால் பின்னிய மொத்தத்துக்கும் பெயர் மூட்டு. சுற்றிலும் பதினாறு கண். இந்தப் பதினாறு கண்ணிலும் வார் ஏறி, அந்தப் பக்கம் தொப்பிக்குப் போய்த் திரும்பி வரும். பதினாறு கண்ணிலும் ஒரே சுருதி பேச வேண்டும். ஒரு கண் ஏறியிருந்தாலும் சாப்பு ஓட்டைப் பாத்திரம் மாதிரி ஒலிக்கும்.

மூட்டு ஏற்கெனவே பின்னித் தயாராக வைத்திருந்தார். அதைக் கட்டையில் ஏற்றி வாரை இழுக்கும் வேலைக்கு அவருடைய மகனும் வந்தார். ஒருவர் இழுக்க ஒருவர் பிடிக்க, காலைக் கட்டையில் உந்திக்கொண்டு, உடம்பு முழுக்க அதில் போட்டுத்தான் இழுக்க முடிகிறது. ஒரு சுற்று இழுத்து, மரக்கட்டையும் கல்லும் வைத்துத் தட்டி, மறுபடி ஒரு சுற்று. எத்தனை சுற்று என்று கணக்கில்லை, தோல் சொல்லும்வரை இழுப்பாராம்.

பிறகு கரணை. நான் இதைப் பார்க்கத்தான் வந்தேன் என்று கூடச் சொல்லலாம். கிட்டான் கல்லைப் பொடித்துச் சலித்த கருப்புத் தூள், குழைய வடித்த சோறு. இரண்டையும் சேர்த்துப் பிசைந்து, விரல் நுனியில் கொஞ்சமாக எடுத்து, தோலின் நடுவில் வட்டமாகத் தேய்த்தார். உடனே வழவழப்பான கல் ஒன்றை எடுத்து அதன் மேல் அரைத்துக்கொண்டே இருந்தார். கல் போகப் போக ஈரம் காய்ந்து கருப்பு மினுங்கியது. அதில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சின்னச் சின்ன வெடிப்புகள் விழுந்தன. அந்த வெடிப்பு வேண்டுமாம். அது இல்லையென்றால் கரணை ஒரே தட்டாக நின்று தோலை அசையவிடாது. முதல் பூச்சு முடிந்ததும் விரலால் தட்டிக் காது வைத்தார். மறுபடி பூச்சு, மறுபடி கல். ஒவ்வொரு பூச்சும் முந்தையதைவிடச் சின்ன வட்டம். நடுவில் கனம், ஓரத்தில் மெல்லிசு. வெறும் தோலாக இருந்தபோது 'டப்' என்று செத்து விழுந்த ஒலி, ஏழெட்டுப் பூச்சு ஆனதும் நீண்டு நின்று பாடத் தொடங்கியது. எந்தப் பூச்சில் அது மாறியது என்று என்னால் பிடிக்க முடியவில்லை. அவர் முகத்தில் மட்டும் தெரிந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "ம்" என்றார்.

இது ஏன் நடக்கிறது என்பதைச் சி.வி.ராமன் ஆராய்ந்திருக்கிறார். 1920இல் 'நேச்சர்' இதழில் ஒரு குறிப்பு, 1934இல் விரிவான ஒரு கட்டுரை. சாதாரணப் பறையோ டிரம்மோ அடித்தால் அடிப்படை ஒலியோடு சேர்ந்து எழும் மேலொலிகள் ஒன்றோடொன்று சேராது. அதனால் அதில் சுருதி என்று ஒன்று நிற்காது. மிருதங்கத்திலும் தபலாவிலும் நடுவில் ஏற்றும் இந்தக் கருப்புக் கனம், மேலொலிகளை இழுத்து ஒன்றுக்கு இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்ற முழு எண் கணக்குக்குக் கொண்டுவருகிறது. கம்பி வாத்தியத்தில் இயல்பாக இருக்கும் கணக்கு அது. இதைச் சொன்னதும் மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "கிட்டார்ல பன்னிரண்டாவது ஃபிரெட்ல விரலை லேசா வெச்சு அடிச்சா வருமே, ஹார்மோனிக்ஸ், அதுவா?" அதேதான். கிட்டார் கம்பியில் கிடைப்பதைத் தோலில் கொண்டுவரச் சோறும் கல்பொடியும் போதும் என்று கண்டுபிடித்தவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. தோலை அறிந்தவர்களாக இருந்திருக்கிறார்கள்.

சேட்டாவிடம் கஷ்டங்களையும் கேட்டேன். நல்ல தோல் கிடைப்பதில்லை என்பதுதான் முதல் குறை. கன்று போட்ட பசுவின் தோலில்தான் நாதம் வரும் என்பது அவர் கட்சி. தோலை வாங்கித் தூக்கிக்கொண்டு வருவதே இப்போது பயமாக இருக்கிறது, விலையும் ஏறிவிட்டது என்றார். செயற்கைத் தோலிலும் ஃபைபரிலும் மிருதங்கம் வந்துவிட்டது. பயிற்சிக்கு, வெளிநாட்டுப் பயணத்துக்கு, மழைக்காலத்துக்கு அது நல்லதுதான். தோலைத் தொட விருப்பமில்லாதவர்களுக்கும் அது வழி. ஆனால் நேற்றுக் கேட்ட அந்தக் கும்கி அதில் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

கரணை காய வேண்டும், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

செவ்வாய் இரவு

இன்று செம்பை. பாலக்காட்டுக்கு மேற்கே கோட்டாயிப் பக்கம். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதரின் (1896–1974) சொந்த ஊர், ஒரு சின்ன அக்ரகாரம், பார்த்தசாரதி கோயில். மாசி ஏகாதசியை ஒட்டி இங்கே நடக்கும் சங்கீத உற்சவத்துக்குத்தான் உண்மையில் வர வேண்டும். இன்று தெருவில் ஒருவரும் இல்லை, கோயிலும் நடை சாத்தியிருந்தது. இருந்தாலும் போய்ப் பார்த்ததில் குறையில்லை.

செம்பையின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டிருக்கிறீர்களா? வாயை முழுசாகத் திறந்து, குரலை ஒளிக்காமல் பாடுகிற பாட்டு. 1950களின் தொடக்கத்தில் அவருக்குக் குரலே போய்விட்டது. குருவாயூரப்பனை வேண்டி, வைத்தியமும் பார்த்துத்தான் திரும்பக் கிடைத்தது என்பார்கள். அதற்குப் பிறகு சம்பாத்தியத்தைக் குருவாயூருக்கே கொடுத்தார் என்றும் சொல்வார்கள். கடைசி நாளில் ஒற்றப்பாலம் பக்கத்தில் கிருஷ்ணன் கோயிலில் கச்சேரி செய்துவிட்டு வந்துதான் உயிர்விட்டார். கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளையான யேசுதாஸைச் சீடனாக ஏற்றுக்கொண்டது அவருடைய பெரிய காரியங்களில் ஒன்று என்று நான் நினைக்கிறேன். யேசுதாஸும் அதை மறக்காமல் வருஷா வருஷம் இந்தச் சின்ன ஊருக்கு வந்து பாடினார். இளம் வயது மணி ஐயரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சென்னைக்கு அறிமுகப்படுத்தியதும் செம்பைதான். அந்த மணி ஐயர், பெண்களுக்கு வாசிப்பதில்லை என்று வித்வான்கள் ஒதுங்கியிருந்த காலத்தில் டி.கே.பட்டம்மாளுக்கு வாசித்தார். பிறகு இரண்டு குடும்பமும் சம்பந்தம் செய்துகொண்டது. பாடகி நித்யஸ்ரீ இருவருக்கும் பேத்தி.

மாலையில் டவுனுக்குத் திரும்பி வரும் வழியில், டீக்கடையில் ஒருவர் சொல்லி, சின்னக் கோயில் ஒன்றில் தாயம்பகை, அதாவது செண்டையை முன்வைத்த தாள வாசிப்பு, கேட்டோம். இதை நான் எதிர்பார்க்கவேயில்லை. தீபாராதனை முடிந்து, முன்வாசலில் விளக்கு வைத்து, நடுவில் செண்டையோடு ஒருவர். வலது கையில் கோல், இடது கை வெறும் உள்ளங்கை. இரு பக்கமும் துணைச் செண்டைகள், பின்னால் இலத்தாளம் என்ற வெண்கலத் தாளங்கள். மைக் இல்லை, மேடை இல்லை. மக்கள் மண்ணில் நிற்கிறார்கள்.

பதிகாலம் என்ற முதல் பகுதி மிக மெதுவாகப் போகும். புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். மருமகன் போனை எடுத்தான். கூறு என்ற அடுத்த பகுதி தொடங்கியதும் போன் பைக்குள் போய்விட்டது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் கையை நீட்டித் தாளத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தார். செண்டைக்காரர் கணக்கை முறித்து மறுபடி தாளத்தில் வந்து சேரும் ஒவ்வொரு முறையும் அவர் தலை ஒரு சொடுக்குச் சொடுக்கியது. இடகாலம் கடந்து இரிகிடை என்ற கடைசி வேகப் பகுதிக்குப் போனபோது உள்ளங்கையும் கோலும் தனித்தனியாகத் தெரியவில்லை. ஒன்றரை மணி நேரம். முடிந்ததும் கைதட்டு ஒன்றும் பெரிதாக இல்லை. அந்தப் பெரியவர் செண்டைக்காரரிடம் போய்த் தோளைத் தொட்டுவிட்டு நடந்தார்.

பாலக்காட்டு மிருதங்கத்துக்கு இருக்கும் கம்பீரம் எங்கிருந்து வந்தது என்று யோசிப்பவர்கள் ஒரு தாயம்பகையாவது நின்று கேட்க வேண்டும். மணி ஐயர் வாசிப்பில் செண்டையின் கணக்கு இறங்கியிருக்கிறது என்று வித்வான்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்றைக்குத்தான் அது எனக்குக் காதில் புரிந்தது.

புதன் இரவு

முற்பகலில் கடைத்தெரு. மருமகனுக்குக் கொடுத்த வாக்கு. டவுனில் நாங்கள் ஏறிய ஒரு கடையில் ஒரு சுவர் முழுக்கக் கிட்டார், எதிர்ச் சுவரில் மிருதங்கம், செண்டை, தபலா, சுருதிப்பெட்டி. தெரு முழுக்கத் தேர்க்கூட்டம், கடைக்குள்ளே மட்டும் நிதானம். அவன் ஒரு யமஹாவை எடுத்து உட்கார்ந்தான். கழுத்து வளைந்திருக்கிறதா என்று கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தான், ஒவ்வொரு ஃபிரெட்டாக அழுத்தி அடித்தான், கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று நாணயம் வைத்துப் பார்த்தான். கடைக்காரர் அவசரப்படுத்தவில்லை. "வாசிச்சுப் பாரு தம்பி, வாங்கணும்னு இல்ல" என்றார். வாத்தியக் கடைக்காரர்கள் இப்படித்தான் இருக்க வேண்டும். கடைசியில் ஒரு செட் கம்பியும் இரண்டு பிளெக்ட்ரமும் வாங்கினோம்.

வெளியே வரும்போது அவன் ஒன்று சொன்னான். "கிட்டார் எல்லாத்துலயும் தலையில பேர் போட்டிருக்கு மாமா. இந்தப் பக்கம் மிருதங்கம் ஒண்ணுல கூட யார் செஞ்சதுன்னு இல்லையே."

எனக்கு அது நாள் முழுக்க மனதில் நின்றது. தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்யும் வாத்தியத்துக்குப் பெயர் இருக்கிறது. ஒரு ஆள் உட்கார்ந்து, தோல் பார்த்து, கரணை அரைத்து, காது வைத்துச் செய்த வாத்தியத்துக்குப் பெயர் இல்லை. கச்சேரி அழைப்பிதழில் பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் என்று எல்லோர் பெயரும் வரும். தம்புரா போடும் மாணவர் பெயர் கூட வரும். வாத்தியம் கட்டியவர் பெயர் வருவதில்லை. மணி ஐயருக்கு மிருதங்கம் கட்டிக்கொடுத்த தஞ்சாவூர் பர்லாந்துவின் பெயர் எத்தனை ரசிகர்களுக்குத் தெரியும்? அவருடைய அப்பா செபாஸ்டியன், சகோதரர்கள், பிள்ளைகள் என்று குடும்பமே அந்த வேலையில் இருந்தது. மணி ஐயரின் நாதத்தில் பாதி அவர்கள் கையில் பிறந்தது. தோல் வேலை செய்பவர்கள் என்பதால் அவர்களை வாசலோடு நிறுத்தியது நம் ஊர். வாத்தியத்தை மட்டும் பூஜையில் வைத்தோம். இதைச் சாதி என்று சொல்லாமல் வேறு எப்படியும் சுற்றிவளைத்துச் சொல்ல முடியாது. தஞ்சாவூரானாலும் சரி, பெருவெம்பானாலும் சரி.

மாலை தேர். விசுவநாதசுவாமிக்கும், பிள்ளையாருக்கும், சுப்பிரமணியருக்கும் தேர்கள் இன்று வடம் பிடித்தன. நாளை மந்தக்கரை கணபதி, நாளை மறுநாள் பழைய கல்பாத்தி லட்சுமிநாராயணரும் சாத்தபுரம் கணபதியும். கடைசி நாள் சாயங்காலம் எல்லாத் தேர்களும் ஒரே இடத்தில் சந்திக்கும். தேர் நகர மறுக்கும் இடத்தில் பின்னாலிருந்து யானை நெற்றியால் முட்டித் தள்ளுகிறது. யானை தள்ள, ஜனம் இழுக்க, சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுபவர்கள் ஓட, நாதஸ்வரமும் தவிலும் ஒரு வினாடி நிற்காமல் கூடவே போயின. அக்ரகாரத்துப் பிள்ளைகள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்த வாரம் வீட்டுக்கு வந்துவிடுவார்களாம். திண்ணைகளில் நெருக்கி உட்கார்ந்திருந்த முகங்களைப் பார்த்தால் நம்பலாம். ஞாயிற்றுக்கிழமைப் பார்த்த மாமி தண்ணீரும் ஒரு தட்டு முறுக்கும் கொடுத்தார்.

வியாழன், பொள்ளாச்சி

காலையில் பெருவெம்பு போய் மிருதங்கத்தை வாங்கிக்கொண்டோம். கரணை நன்றாகக் காய்ந்திருந்தது. சுருதிப்பெட்டியை ஒரு கட்டை சுருதிக்கு வைத்து, பதினாறு கண்ணும் சுற்றி வந்தேன். என்னுடையது தக்கு (தாழ்ந்த) சுருதி மிருதங்கம், 24 அங்குல மரம். ஹெச்சு (உயர்ந்த) சுருதிக்கு வைத்திருப்பவர்கள் பொதுவாக 22 அங்குலம் வாங்குவார்கள். பெண்கள் பாட்டுக்கு அதுதான் வசதி. இரண்டு கண் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவர் கல்லால் மெல்லத் தட்டிச் சரிசெய்தார். பிறகு தொப்பியில் ரவை அப்பி ஒரு ஆவர்த்தனம் வாசித்தேன். அவரும் மகனும் வேலையை நிறுத்திக் கேட்டார்கள். எனக்கு அதைவிடப் பெரிய சபை கிடைத்ததில்லை.

மருமகன் நேற்றுச் சொன்னதை அவனே கேட்டுவிட்டான். பேரை எங்காவது போடலாமே என்று. அவர் யோசித்துச் சொன்னார்: "கட்டையை மாத்துவாங்க, தோலை மாத்துவாங்க. பேரை எதுல போடறது? ஆனா வார் கடைசி முடிச்சைப் பார்த்தா எங்க வீட்டு வேலைன்னு நான் சொல்லிடுவேன். எங்க அப்பா முடிச்சு அது." முடிச்சைக் காட்டினார். தொப்பிப் பக்கம், வார் ஓட்டம் முடிகிற இடத்தில், நுனியை உள்ளே திருப்பி இரண்டு தடவை சொருகியிருந்தது. கூலியை ஏற்றுக் கொடுக்கப் பார்த்தேன். பேசியதற்கு மேல் வாங்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். ரயிலில் வந்தால் பாலக்காடு சந்திப்பு ஒலவக்கோட்டில் இருக்கிறது. அங்கிருந்து கல்பாத்திக்கு ஆட்டோவில் சீக்கிரம் போய்விடலாம். தேர் நாட்களில் கல்பாத்திப் பக்கம் வண்டி விடமாட்டார்கள், நடக்கத் தயாராக வாருங்கள். சங்கீத உற்சவம் தேருக்கு முன்னாலேயே முடிந்துவிடும், இரண்டும் வேண்டுமென்றால் தேருக்குச் சில நாள் முன்பே வந்துவிடுங்கள். பெருவெம்புக்குக் காலையில் போங்கள். மதிய வெயிலில் தோல் வேலை நிறுத்திவிடுவார்கள். மூட்டு மாற்ற வேண்டுமென்றால் என்ன சுருதிக்கு என்று முதலிலேயே சொல்லுங்கள், காய்வதற்கு நாள் கொடுங்கள். விலை பேசும்போது, ஒரு கரணைக்கு எத்தனை பூச்சு, எத்தனை கல் என்பதைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கார்த்திகை பிறந்தால் மண்டல காலம், பாலக்காட்டுக் கோயில்களில் தாயம்பகை நிறைய நடக்கும். குருவாயூரில் ஏகாதசியை ஒட்டிச் செம்பை பெயரால் நடக்கும் சங்கீத உற்சவமும் அதே காலம்தான். மருமகன் செமஸ்டர் தேர்வு முடிந்ததும் போகலாம் என்கிறான். சனிக்கிழமை எங்கள் ஊரில் ஒரு சின்னக் கச்சேரி, நான் வாசிக்கிறேன். அழைப்பிதழ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. மிருதங்கம் என்று என் பெயர் இருக்கும் வரிக்குக் கீழே, 'மிருதங்கம் கட்டியவர்' என்று பெருவெம்புக்காரர் பெயரையும் சேர்க்கச் சொல்லி, அவரிடம் கேட்டுச் சம்மதமும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.